முள் எழாத தண்ணீர்

ஜவ்வாது மலையில் ஒரு மடுவின் கரையில் தகரப் பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். விஷக்காய் போட்டு மீன் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும், பிறகுதான் வாய் திறக்கும். அந்தப் பலகை அங்கே வந்த கதையில் நானும் இருக்கிறேன். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலம். சமவெளியில் ஒரு மின்வேதியியல் ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. செங்கத்துக்கு வடக்கே மலையடியில் எங்கள் ஊர். பெண் பிள்ளை கம்பியும் கண்ணாடிக் குழாயுமாக என்னதான் செய்கிறாள் என்று ஊரில் கேட்பார்கள். தண்ணீரில் மூச்சு இருக்கிறதா, விஷம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி செய்கிறேன் என்பேன். "நாக்குல வெச்சுப் பாத்தா தெரியாதா?" என்பார்கள். நாக்கில் வைத்துத் தெரிந்துகொண்டவர் திரும்பி வந்து சொல்ல மாட்டார் என்பேன். அப்போதே எனக்கு வாய் அதிகம்.

எங்களிடம் இரண்டு மின்முனைகள் இருந்தன. முதலாவது ஆக்சிஜனைப் பார்ப்பது. பிளாட்டினக் கம்பி, வெள்ளிக் கம்பி, நடுவில் உப்புக் கரைசல், குழாயின் வாயில் பூண்டுத் தோலைப் போல மெல்லிய ஒரு சவ்வு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சவ்வைத் தாண்டி உள்ளே வந்தால் மின்சாரம் ஓடும், மீட்டரில் முள் நகரும். மீனுக்கு மூச்சுவிட வழி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

இரண்டாவது என்னுடையது. என் ஆராய்ச்சியே அதுதான். பிளாட்டின முனையின்மேல், குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த ஒரு நொதியை நைலான் வலைத் துண்டில் ஜெலட்டினோடு சேர்த்து ஒட்டியிருப்போம். அந்த நொதிக்கென்று ஒரு தீனி உண்டு. அதை ஒரு துளி விட்டால் நொதி உடைக்கும், உடைந்தது பிளாட்டினத்தில் பட்டு முள் எழும். அதே முனையைப் பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் முக்கி வைத்தால் நொதியின் வாய் அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு தீனி விட்டாலும் முள் எழாது. புழுவுக்கும் ஆட்டுக்கும் மனிதனுக்கும் நரம்பில் வேலை செய்வது இதே குடும்பத்து நொதிதான். பூச்சிமருந்து ஆளைக் கொல்வதும் இப்படித்தான்.

இதில் ஒரு வம்பு உண்டு. வெயில் பட்டாலும் நொதி செத்துவிடும். வெயிலில் செத்த நொதியும் முள்ளை எழுப்பாது, விஷத்தில் அடைபட்ட நொதியும் எழுப்பாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் மின்முனையை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு திரிவேன். ஒவ்வொரு முறையும் முதலில் நல்ல தண்ணீரில் வைத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதில் முக்குவேன். இந்த வம்பு பின்னால் என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

சோதனைக்கு ஒரு சுத்தமான தண்ணீர் வேண்டும், எதையும் அதோடு வைத்துத்தான் ஒப்பிட முடியும் என்றார் எங்கள் பேராசிரியர். சமவெளியில் எந்தக் கிணற்றை எடுத்தாலும் பக்கத்தில் நெல்லும் கரும்பும் மருந்தடித்துக்கொண்டிருந்தன. எங்கள் மலை ஓடைத் தண்ணீர் இருக்கிறது சார் என்று நான் சொன்னேன். பருவத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் மேலே போய், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து, அந்த மடுவில் கண்ணாடிக் குப்பி நிறைய எடுத்து வருவேன். எங்கள் ஆய்வகத்தில் 'சுத்தம்' என்றால் அந்த மடு என்றே அர்த்தம் ஆகிவிட்டது.

மடுவுக்கு மேலே சரிவில் ஒரு வீடு. கணவன் மனைவி, கொஞ்சம் சாமை நிலம், புளிய மரங்கள், ஆடுகள். அந்த அக்கா என்னை முதல் தடவை பார்த்ததும், "இன்னா கண்ணு, உங்க ஊர்ல தண்ணியே இல்லியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குத் 'தண்ணிப் பொண்ணு'. போகும்போதெல்லாம் சாமைச் சோறு போடாமல் விடமாட்டாள். அவளுடைய புருஷன் அதிகம் பேசாதவர். ஊரில் தழை கட்டும் பொறுப்பு அவருடையது.

அந்தத் தழை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், எல்லாம் அதில்தான் வந்து முட்டியது. பங்குனியில் ஓடை நின்று, தண்ணீர் மடுக்களில் மட்டும் தேங்கிக் கிடக்கும்போது, ஊரே சேர்ந்து ஒரு நாள் மீன் பிடிக்கும். மருக்காரைக் காயை இடித்துத் தண்ணீரில் கலக்கினால் நுரை கட்டும், மீன் மயங்கி மேலே வரும், கூடையில் அள்ளிக்கொள்வார்கள். அன்றைக்கு ஆடுமாடுகளை அவிழ்க்க மாட்டார்கள். தண்ணீருக்கு வரும் வழியில், மரத்தில் பச்சைத் தழைக்கொத்து ஒன்றைக் கண்ணில் படும்படி கட்டிவிடுவார்கள். தழை பச்சையாக இருக்கும்வரை அந்தத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. தழை காய்ந்து சருகானால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அர்த்தம், குடிக்கலாம். மலையில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். சருகை யாரும் அவிழ்ப்பதில்லை. அது பாட்டுக்கு மழையில் ஊறி உதிர்ந்து போகும்.

ஒரு ஆடி மாதம், மழை விழுந்து ஓடை பெருகிய பிறகு மேலே போனேன். வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாக என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கிண்டல் தொடங்கிவிடும். அன்று அது இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகு, "போலீசு வந்து அவர இட்டுக்கினு போய்ட்டாங்க கண்ணு" என்றாள்.

நடந்தது இது. மடுவுக்கு மேற்கே, ஓடையின் தலைமாட்டில், சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு ஆள் ஒருவர் அந்த வருடம்தான் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கத்தரித் தோட்டம் போட்டிருந்தார். அங்கே காவலுக்கு இருந்தவர் ஒரு நாள் மத்தியானம் மடுவில் இறங்கிக் குளித்து, தண்ணீரும் குடித்துவிட்டுக் கரையேறினார். வாயில் எச்சில் ஒழுக, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க, அங்கேயே விழுந்தார். கட்டிலில் தூக்கிப்போட்டுக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மடுவில் மீன் மிதந்தது. அக்காவின் ஆடுகளில் இரண்டு செத்தன. தோட்டக்காரர் கீழே போய், மலைக்காரர்கள் மீன் பிடிக்க மடுவில் விஷக்காய் போட்டு என் ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார்.

"போலீசு வந்து மரத்துல தொங்கின சருக காட்டி, இத்த யாருடா கட்டுனதுன்னு கேட்டாங்க. நாந்தான் கட்டுனேன்னாரு. எதுக்குடான்னாங்க. மடுவுல காய் போட்டோம், அதுக்குக் கட்டுனேன்னாரு. அவ்ளோதான். ஜீப்புல ஏத்திக்கினாங்க."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பங்குனியில் போட்டது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? அதான் சருகா கீதே. சருகுன்னா எப்ப கட்டுனதுன்னு பாத்தாலே தெரியாதா?"

அவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது. சூரியனைக் காட்டி இது பகல் என்று யாராவது விளக்கிச் சொல்வார்களா? கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். எப்போது என்று அவர்கள் கேட்கவில்லை. காய்ந்த சருகுதான் அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சி. அதையே அவிழ்த்துக் குற்றச் சாட்சியாகக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்கள். ஓடை பெருகி ஓடும்போது காய் போட்டால் கலக்கிய தண்ணீர் அந்தக் கணமே அடித்துக்கொண்டு போய்விடும், ஒரு மீனும் மயங்காது, எந்த மடையனும் ஆடியில் காய் போட மாட்டான் என்பதையும் யாரும் கேட்கவில்லை. என் காது கொதித்தது.

குப்பிகளையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு மடுவுக்கு இறங்கினேன். அக்காவும் கூட வந்தாள். முதலில் அவள் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அது மேலே பாறைச் சுனையிலிருந்து எடுத்தது. முள் துள்ளி எழுந்தது. நொதி உயிரோடுதான் இருந்தது. பிறகு மடுவில் ஆக்சிஜன் முனையை இறக்கினேன். அருவி மாதிரி விழுந்து வரும் தண்ணீர், ஆக்சிஜன் நிறைய இருந்தது. மீன் மூச்சுமுட்டிச் சாகவில்லை. அடுத்து என் நொதி முனையை மடுத் தண்ணீரில் முக்கி வைத்து, கழுவி, தீனி விட்டேன்.

முள் அசையவில்லை. இன்னொரு துளி விட்டேன். அப்போதும் அசையவில்லை. இத்தனை பருவமாக என் 'சுத்தம்' ஆக இருந்த தண்ணீர் அது.

ஓடையோரமாகவே மேலே நடந்தோம். தோட்டத்து வேலிக்குக் கீழே, ஓடைக் கல்மேல் மருந்தடிக்கும் தெளிப்பானைக் கவிழ்த்துக் காயப் போட்டிருந்தார்கள். கல்லெல்லாம் பால் கொட்டினமாதிரி வெள்ளைக் கறை. ஒரு தகர டிரம் ஓடைக்குள்ளேயே அலசுவதற்காகச் சாய்த்துப் போட்டிருந்தது. புகார் கொடுத்த மனிதர் விஷத்தைக் கழுவிய கல் அது. மருந்தடிப்பதும் செத்துப்போன காவல்காரர்தான் என்றாள் அக்கா. வெறுங்கையால் மருந்து கலக்கி அடித்து, கழுவி, அந்தத் தண்ணீரையே குடித்திருக்கிறார். தன் ஆளைத் தானே கொன்றுவிட்டு இன்னொருவன் தலையில் கட்டியிருந்தார் தோட்டக்காரர்.

குப்பியில் மடுத் தண்ணீரை நிரப்பி, ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன். பேராசிரியர் மொத்தத்தையும் கேட்டார். முகம் மலர்ந்தது. இயற்கை நீரில் எங்கள் கருவி பூச்சிமருந்தைப் பிடித்துவிட்டதே என்ற மலர்ச்சி. மறுபடி சோதிக்கச் சொன்னார், தானே பக்கத்தில் நின்று பார்த்தார், அதே முடிவு. சார், தாசில்தாருக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறார் என்றேன். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"அது வேற, இது வேறம்மா. நம்ம எலெக்ட்ரோடு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. கட்டுரை வரட்டும். நாலு பேர் படிச்சு ஒத்துக்கட்டும். போலீஸ் கேஸுல எல்லாம் நாம போய் நிக்கக்கூடாது."

"கட்டுரைக்குச் சரியா இருக்கிற முடிவு, ஆளை வெளியே எடுக்கச் சரியா இல்லாம போயிடுமா சார்?"

"நீ ரொம்ப உணர்ச்சிவசப்படறே" என்றார். பெண் பிள்ளை நியாயம் பேசினால் அதற்கு வைத்திருக்கும் பெயர் அது. மின்முனை, மீட்டர், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன். அலமாரியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசிமருந்து ஒன்று உண்டு. நொதியின் வாயை அடைத்திருக்கும் விஷத்தை அது பிடுங்கி எறிந்துவிடும். அடைபட்ட மின்முனையை மறுபடி வேலை செய்ய வைக்க நாங்கள் அதைத்தான் பயன்படுத்துவோம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

மறுபடி மேலே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டேன். இறங்கும் வழியில் மடு வந்தது. பழக்கம் விடுமா, இன்னொரு குப்பி நிரப்பிக்கொண்டேன். வீட்டிலிருந்து இடிக்காத மருக்காரைக் காய்கள் கொஞ்சம் அவள் மடியில் முடிந்துகொண்டு வந்தாள். அடிவாரத்துப் பஸ் நிலையத்தில் ஐஸ் விற்பவரிடம் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்க்கில் நொறுக்கிப் போட்டேன். "பாலுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தாலுகா ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே சப் ஜெயில். தாசில்தார் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் கம்பிக்கதவு தெரியும். அறைக்குள் தோட்டக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கொலை நடந்ததாகச் சொல்பவருக்கு நாற்காலியும் டீயும். புருஷனை உள்ளே வைத்திருக்கிற அக்காவைப் பியூன் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டான். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

தாசில்தார் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தொந்தரவு இல்லாமல் எல்லாம் முடிந்தால் போதும் என்ற ரகம். அந்த ரகம்தான் கெட்டவர்களுக்கு நாற்காலி போடும். "மலைமேல இன்னும் மந்திரம் மாயம்னு இருக்கிற ஜனங்க. நீங்க படிச்ச பொண்ணு, எதுக்கு இதுல?" என்றார். அதே மலையில் காவலூர்ப் பக்கம் வானத்து நட்சத்திரத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடியெல்லாம் வைக்கிறார்கள் சார், காலடியில் ஓடும் தண்ணீரை ஒரு தடவை பார்க்கக் கூடாதா என்றேன். சரி காட்டு என்று மேசையில் இடம் விட்டார்.

அவர் குடிக்கிற பானைத் தண்ணீரையே கேட்டு வாங்கினேன். முனையை வைத்துத் தீனி விட்டதும் முள் எழுந்தது. நொதி உயிரோடு இருக்கிறது என்று சொன்னேன். பிறகு அக்கா காயைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டிக் கொடுத்தாள். அதைத் தண்ணீரில் கலக்கி நுரை வந்ததும் முனையை முக்கி வைத்தேன். கழுவித் தீனி விட்டேன். முள் கொஞ்சம் தயங்கி, பிறகு எழுந்தது. "பாருங்க சார், காய் இந்த நொதியைத் தொடறதில்லை." அடுத்து, முதல் தடவை எடுத்து ஐஸிலேயே வைத்திருந்த மடுத் தண்ணீர். முக்கினேன், கழுவினேன், தீனி விட்டேன். முள் படுத்தே கிடந்தது.

தாசில்தார் மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது வெயில்ல செத்துப்போயிடுமாமே. உங்க புரொபசரே நேத்து எனக்குப் போன் பண்ணிட்டாரு. எங்க பொண்ணு ஒண்ணு மிஷின் தூக்கிக்கிட்டு வந்தாலும் வரும், பெருசா எடுத்துக்காதீங்க, சூடு பட்டா அது தப்பாக் காட்டும்னாரு."

தோட்டக்காரர் டீயை உறிஞ்சினார். எனக்குக் காது மட்டுமில்லை, கண்ணும் எரிந்தது. என்னோடு நின்று முடிவைப் பார்த்தவர், அதை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவர், நான் வாய் திறக்கும் முன்பே போனில் என் வாயை அடைத்துவிட்டார். வெயிலில் சாகும் என்று சொல்லிக் கொடுத்தவர், செத்ததா அடைபட்டதா என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழி இருப்பதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. அதைக் கண்டுபிடித்ததற்கு என்னைப் பாராட்டியவரே அவர்தான்.

"செத்தது திரும்பி வராது சார். விஷத்துல மயங்கினது வரும். இருங்க" என்றேன். ஊசிமருந்தைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி முனையை அதில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அக்கா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்து, ஒன்றுக்குப் பல தடவை கழுவி, பானைத் தண்ணீரில் வைத்துத் தீனி விட்டேன். முள் எழுந்தது. முன்பு எழுந்த அளவுக்கு வரவில்லை, ஆனால் அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்படி எழுந்தது.

தாசில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது என்ன மருந்து?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ புரிந்த சாயல் வந்தது. நான் ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அப்போதுதான் தோட்டக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "பூச்சிமருந்துன்னா இன்னும் மோசம் சார். என் ஷெட்டுலேருந்து ஒரு டின்னு காணாம போச்சு. நான் யாரையும் சந்தேகப்பட வேணாம்னு சும்மா இருந்தேன். இப்பத்தான் புரியுது. இவன் திருடிக்கினு போய் மடுவுல ஊத்தியிருக்கான்."

தாசில்தார் தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை மறுபடி எடுத்தான். அவர்களுக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது. காய் இல்லை என்று நிரூபித்தால் மருந்து. மருந்து என்று நிரூபித்தால் திருட்டு. எதை நிரூபித்தாலும் அதே ஆள்தான் அதே கம்பிக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெறும் கொலையாக இருந்ததை நான் பாடுபட்டுத் திருட்டும் கொலையுமாக ஆக்கிக் கொடுத்துவிட்டேன். அக்கா என் முந்தானையை விட்டுவிட்டாள். "இன்னா கண்ணு சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பையில் கைவிட்டபோது அன்று காலை நிரப்பிய குப்பி கையில் பட்டது.

அதை மேசையில் டம்மென்று வைத்தேன். கிண்ணத்தில் ஊற்றி முனையை முக்கினேன். கழுவித் தீனி விட்டேன். கொஞ்ச நேரம் முன்பு எழுந்த முள், படுத்த இடத்தை விட்டு அசையவில்லை. மறுபடி ஊசிமருந்தில் வைத்தேன், காத்திருந்தேன், கழுவினேன். மறுபடி எழுந்தது.

"இது இன்னிக்குக் காலையில அதே மடுவுல எடுத்தது சார். ஓடற தண்ணி, அன்னிக்கு ஊத்தினது அன்னிக்கே அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். "அவரு அங்க இருக்காரு. சாவி உங்க ஆளுங்ககிட்ட இருக்கு. இன்னிக்குக் காலையில யாரு சார் ஊத்தினாங்க?"

தோட்டக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். தாசில்தார் அவரை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. அவர் வாசலைத் தாண்டிய பிறகு தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. நான் மேல எழுதறேன். நீங்க போங்க" என்றார். அந்தக் கல்லை வந்து பாருங்கள், டிரம்மைப் பாருங்கள் என்றேன். "ஒண்ணு ஒண்ணா ஆகட்டும்" என்றார்.

ஒன்றோடு நின்றுவிட்டது. சில நாளில் அவரை வெளியே விட்டார்கள். இறப்புக்குக் காரணம் அடையாளம் தெரியாத விஷம் என்று வழக்கை முடித்தார்கள். அடையாளம் தெரியாதாம். அவர்கள் மேசைமேல் வைத்து அடையாளம் காட்டிவிட்டு வந்தேன். தோட்டத்துக்கு யாரும் போகவில்லை. செத்துப்போன காவல்காரரின் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. மேலே எழுதியதன் பலனாக ஒரே ஒரு நடவடிக்கை வந்தது, அந்த மஞ்சள் பலகை. விஷக்காய் போடுவது குற்றம். காய் இல்லை என்று நான் யார் முன்னால் நிரூபித்தேனோ அவர் கையெழுத்திலேயே அந்த உத்தரவு வந்தது.

எங்கள் கட்டுரையும் வந்தது. அதில் ஒரு அட்டவணை, அட்டவணையில் ஒரு வரி, மலை ஓடை நீர் என்று. நொதி எவ்வளவு அடைபட்டது, மருந்தில் எவ்வளவு திரும்பியது என்று எண்கள். பேராசிரியரைக் கருத்தரங்குகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். களத்தில் எடுத்த மாதிரி என்று அவர் அந்த வரியைக் காட்டிப் பேசுவதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் ஒரு தடவை எழுந்து, அந்தத் தண்ணீருக்காக உள்ளே போனவரைப் பற்றியும் சொல்லுங்கள் சார் என்றேன். நேரமாகிவிட்டது, தேநீர் தயார் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அவர் என்னைக் கருத்தரங்குக்குக் கூட்டிப் போகவில்லை. அந்த மரியாதையாவது கிடைத்தது.

அடுத்த பருவத்தில் மேலே போனேன். ஆய்வகம் அனுப்பவில்லை. சுத்தத் தண்ணீருக்கு அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மடுவின் கரையில் பலகை பளபளவென்று நின்றது. மேலே தோட்டத்தில் கத்தரி பூத்திருந்தது, தெளிப்பான் சத்தம் கேட்டது. அக்காவின் புருஷன் மரத்தடியில் நின்று, பழைய தழைக்கொத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் முழுக்கக் காயவில்லை, விளிம்பு மட்டும் சுருண்டிருந்தது. கீழே புதுத் தழை ஒரு கொத்து கிடந்தது.

சப் ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு அவர் இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார்.

"மறுபடியும் எதுக்குண்ணா தழை கட்டறீங்க? இந்தத் தழையாலதானே உங்கள இழுத்துக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. கோபம் அவர்மேல் இல்லை.

"காஞ்சா குடிச்சிடுவாங்கம்மா" என்றார். "அந்தப் பலகையில இன்னா எழுதிக்கீதோ, நம்ம ஜனம் அத்த படிக்காது. தழயத்தான் பாக்கும். அவன் மேல கழுவிக்கினே கீறான். நான் வாடறதுக்குள்ள மாத்திடறேன்."

இது தெரிந்தால் மறுபடி ஜீப் வரும் என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினார்.

நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து மின்முனையை எடுத்தேன். சுனைத் தண்ணீரில் முள் எழுந்தது. மடுத் தண்ணீரில் முக்கி, கழுவி, தீனி விட்டேன். எழவில்லை. அவர் மீட்டரை எட்டிப் பார்த்தார். பச்சைத் தழையை எடுத்து, பலகைக்கு நேர் மேலே இருந்த கிளையில் இழுத்துக் கட்டினார்.